உடலெங்கும் வலி, அறிக்கைகளில் குறையில்லை: பைப்ரோமயால்ஜியாவும் கைரோபிராக்டிக்கும்

இரத்தப் பரிசோதனையில் குறையில்லை. எக்ஸ்ரேயிலும் எதுவும் தென்படவில்லை. ஆனால் கழுத்து, தோள், முதுகு, இடுப்பு, தொடை எனப் பல இடங்களில் வலி மாதக்கணக்கில் நீடிக்கிறது. இரவு முழுதும் உறங்கியும் காலையில் களைப்புத் தீர்வதில்லை. இத்தகைய துன்பத்தோடு வருவோரை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். வலியைவிடப் பெரிய துயரம் ஒன்றையும் அவர்கள் சுமந்து வருகிறார்கள். "உனக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் உன் நினைப்புத்தான்" என்று வீட்டாரும் உறவினரும் சொல்லக் கேட்ட துயரம் அது.

இவர்களில் ஒரு பகுதியினருக்கு இருப்பது பைப்ரோமயால்ஜியா என்னும் நோய். பல நாடுகளில் நடந்த கணக்கெடுப்புகள் 100 பேரில் ஏறத்தாழ 2 முதல் 4 பேருக்கு இது இருக்கலாம் எனக் காட்டுகின்றன. இந்த நோய் எத்தகையது, எதனால் வலி உண்டாகிறது, எந்தச் சிகிச்சை பலன் தரும், முதுகையும் கழுத்தையும் சொடுக்கிச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் முறையை நாடலாமா என்பவற்றை இந்தப் பாடத்தில் விளக்குகிறோம். நோயாளியும் அவரைப் பார்த்துக்கொள்பவரும் சேர்ந்து படிப்பது நன்று.

நம் ஊரும் உடல் வலியும்

செய்யாற்றங்கரையில் உள்ள மாகறல், சம்பந்தரின் பதிகம் பெற்ற தலம். எலும்பு, நரம்புப் பிணிகள் தீர வேண்டும் என்று திருமாகறலீசரை வணங்க வருவோர் பலர். உடல் வலி இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. நடவு வயலில் நாள் முழுதும் குனிந்து நிற்கும் பெண்களுக்கும், காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் அமர்ந்து நெய்வோருக்கும் தொழிலோடு சேர்ந்தே வலி வருகிறது. குழித்தறியில் அமர்பவரின் கால்கள் குழிக்குள் மிதிகட்டையை மாறி மாறி மிதிக்கின்றன. கைகள் நாடாவை இயக்குகின்றன. கழுத்து நெய்யப்படும் துணியை நோக்கிக் குனிந்தே இருக்கிறது. கோர்வைப் புடவைக்கு உடன் அமர்ந்து உதவுபவரின் நிலையும் அதுவே.

ஆயினும் உழைப்பினால் வரும் வலியும் பைப்ரோமயால்ஜியாவும் ஒன்றல்ல. உழைப்பினால் வரும் வலி பெரும்பாலும் உழைத்த உறுப்பில் தோன்றும், ஓய்வெடுத்தால் குறையும். பைப்ரோமயால்ஜியா வலி உடலின் இரு பக்கங்களிலும், இடுப்புக்கு மேலும் கீழும் பரவி நிற்கும். ஓய்வினால் மட்டும் அது தீர்வதில்லை. ஒருவருக்கே இவ்விரண்டும் சேர்ந்து இருப்பதும் உண்டு. எனவே, "தறி வேலை செய்தால் வலி வரத்தானே செய்யும்" என்று எண்ணி ஆண்டுகளைக் கடத்திவிடக் கூடாது.

பெயரும் வரலாறும்

இந்த வலியை மருத்துவ உலகம் முன்பே அறிந்திருந்தது. ஆனால் அதன் காரணத்தைப் பிழையாகக் கருதியிருந்தது. 1904ஆம் ஆண்டில் வில்லியம் கோவர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், தசையைச் சுற்றியுள்ள நார்த்திசுவில் அழற்சி ஏற்பட்டிருக்கிறது என்று எண்ணி இதற்கு ஃபைப்ரோசைடிஸ் எனப் பெயரிட்டார். பிற்கால ஆய்வுகளில் அத்தகைய அழற்சி காணப்படவில்லை. அதனால் 1976இல் அழற்சியைக் குறிக்கும் பெயர் கைவிடப்பட்டு, நாரிலும் தசையிலும் வலி என்னும் பொருளுடைய பைப்ரோமயால்ஜியா என்ற பெயர் வழக்கிற்கு வந்தது.

1990இல் அமெரிக்க மூட்டுநோய்க் கல்லூரி இதற்கு முதல் அளவுகோலை வகுத்தது. உடலில் குறிப்பிட்ட 18 இடங்களை விரலால் அழுத்தி, 11 இடங்களிலாவது வலி இருக்கிறதா என்று பார்ப்பது அந்த முறை. 2010இல் வந்த புதிய அளவுகோலும் 2016இல் வந்த அதன் திருத்தமும் அழுத்திப் பார்க்கும் முறையை நீக்கிவிட்டன. நோயாளி சொல்வதையே அடிப்படையாகக் கொண்டன. வலியைச் சொல்லால்தான் அறிய முடியும் என்பதை மருத்துவம் ஏற்றுக்கொண்டதன் அடையாளமாக இம்மாற்றத்தைக் கருதலாம்.

வலி ஏன் உண்டாகிறது?

ஆடி மாதத்தில் அம்மன் கோயில் ஒலிபெருக்கியைக் கேட்டிருப்பீர்கள். பாடுபவரின் குரல் மாறாது. ஆனால் பெருக்கியின் திருகைக் கூட்டினால் அதே குரல் காதைப் பிளக்கும். பைப்ரோமயால்ஜியாவில் நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே.

தோலிலும் தசையிலும் உள்ள நரம்பு முனைகள் அழுத்தத்தையும் சூட்டையும் உணர்ந்து முதுகுத்தண்டு வழியே மூளைக்கு அனுப்புகின்றன. மூளையிலிருந்தும் சில நரம்புப் பாதைகள் கீழிறங்கி வந்து, தேவையற்ற வலிச் செய்திகளைத் தணிக்கின்றன. இந்நோயில் மேலேறும் செய்திகள் பெருக்கப்படுகின்றன, கீழிறங்கும் தணிப்பு வலுவிழக்கிறது. 2002இல் வெளியான ஒரு மூளை ஸ்கேன் ஆய்வில் நோயாளிகளின் கட்டைவிரலில் மெல்லிய அழுத்தம் தரப்பட்டது. நோயற்றவர்களுக்கு மிக வலுவாக அழுத்தியபோது மூளையின் எப்பகுதிகள் தூண்டப்பட்டனவோ, அப்பகுதிகளே இவர்களுக்கு மெல்லிய அழுத்தத்திலேயே தூண்டப்பட்டன. எனவே நோயாளி நடிக்கவில்லை. அவர் உணரும் வலி உண்மையானது.

காயமோ நரம்புச் சேதமோ இல்லாமல், வலியை உணரும் அமைப்பின் செயல் மாறுவதால் தோன்றும் இவ்வகை வலிக்கு, 2017இல் உலக வலி ஆய்வுச் சங்கம் நோசிபிளாஸ்டிக் வலி என்னும் தனிப் பெயரை ஏற்றது. அறிக்கைகள் ஏன் குறையற்றிருக்கின்றன என்பதற்கும் இதுவே விடை. இரத்தப் பரிசோதனை அழற்சியைக் காட்டும், எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். பெருக்கியின் திருகு எவ்வளவு கூடியிருக்கிறது என்பதை அவை காட்டுவதில்லை.

மருத்துவர் எவ்வாறு கண்டறிகிறார்?

மருத்துவர் மூன்று செய்திகளைக் கேட்பார்.

முதலாவது, கடந்த ஒரு வாரத்தில் உடலின் 19 பகுதிகளில் எத்தனை இடங்களில் வலி இருந்தது என்பது. அந்த எண்ணிக்கையே பரவல் மதிப்பெண். இரண்டாவது, களைப்பு, தெளிவற்ற விழிப்பு, மறதியும் கவனக்குறைவும் ஆகிய மூன்றும் எவ்வளவு கடுமையாக உள்ளன என்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் தரப்படும். தலைவலி, அடிவயிற்று வலி, மனச்சோர்வு ஆகியவற்றுக்கு ஒவ்வொரு மதிப்பெண் சேரும். ஆக மொத்தம் 12. மூன்றாவது, இவை குறைந்தது 3 மாதங்களாக நீடிக்கின்றனவா என்பது.

பரவல் மதிப்பெண் 7 அல்லது அதற்கு மேலாகவும் கடுமை மதிப்பெண் 5 அல்லது அதற்கு மேலாகவும் இருந்தால் நோய் இருப்பதாகக் கொள்ளலாம். பரவல் 4 முதல் 6 வரை மட்டுமே இருப்பின், கடுமை 9 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். வலி ஓரிடத்தில் மட்டும் ஒடுங்காமல் உடலின் பெரும் பகுதிகளில் பரவியிருப்பதும் அவசியம்.

அப்படியானால் இரத்தப் பரிசோதனை எதற்கு? வேறு நோய்களைத் தவறவிடாமல் இருப்பதற்கு. தைராய்டு குறைவு, வைட்டமின் டி பற்றாக்குறை, முடக்குவாதம், இரத்தசோகை, சில கொழுப்புக் குறைப்பு மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவையும் உடல் வலியையும் களைப்பையும் உண்டாக்கும். இவற்றுள் ஒன்று இருந்தால் அதற்குரிய சிகிச்சை முதலில் தேவை. முடக்குவாதம் உள்ளவருக்கே பைப்ரோமயால்ஜியாவும் சேர்ந்திருக்கலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கைரோபிராக்டிக் என்பது என்ன?

மருந்தில்லாமல், கையால் சொடுக்கி வலியைப் போக்குவதாகச் சொல்லும் காட்சிகளைக் கைப்பேசியில் பலரும் பார்த்திருப்பீர்கள். படுத்திருப்பவரின் முதுகில் ஓர் அழுத்தம், கழுத்தில் ஒரு திருப்பு, "டக்" என்ற ஓசை, பிறகு முகத்தில் நிம்மதி. இம்முறை 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள டாவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் என்பவரால் தொடங்கப்பட்டது. முதுகெலும்புகள் சற்றே இடம் மாறுவதால்தான் பெரும்பாலான நோய்கள் வருகின்றன என்று அவர் கருதினார். அந்தக் கருத்தை அறிவியல் உறுதி செய்யவில்லை. இன்று இத்தொழிலில் உள்ளோரிலும் பலர் அதை அப்படியே ஏற்பதில்லை. முதுகுவலி, கழுத்துவலி ஆகியவற்றில் மட்டுமே கவனம் செலுத்துகிறார்கள்.

"டக்" என்ற ஓசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எலும்பு தன் இடத்தில் சென்று அமர்ந்த ஓசையன்று அது. மூட்டைச் சட்டென விரிக்கும்போது உள்ளிருக்கும் திரவத்தில் வாயுக் குமிழி தோன்றுவதோடு தொடர்புடையது. விரலில் சொடக்கு எடுக்கும்போது கேட்பதும் அதே ஓசைதான். அதைக் கேட்டதும் கிடைக்கும் ஆறுதல் உண்மையாக இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் அது சிறிது நேரத்துக்கே நிற்கும்.

எதற்குப் பயன், எதற்குப் பயனில்லை?

இங்கு நாங்கள் நடுநிலையோடு பேச விரும்புகிறோம். நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு முதுகெலும்புக் கைச்சிகிச்சையால் சிலருக்கு ஓரளவு பலன் உண்டு. 2017இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டுதலும், 2023இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதனைப் பரிசீலிக்கத்தக்க முறைகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகின்றன.

பைப்ரோமயால்ஜியாவுக்கோ நிலைமை வேறு. ஐரோப்பிய மூட்டுநோய்க் கூட்டமைப்பு தன் ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியிட்ட பரிந்துரையில், பாதுகாப்பு குறித்த கவலையால் கைரோபிராக்டிக்கை இந்நோய்க்குப் பயன்படுத்த வேண்டாம் என்று வலுவாகவே கூறியது. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. இந்நோயின் மூலம் முதுகெலும்பின் இடமாற்றம் அன்று, வலியை உணரும் அமைப்பின் மாற்றம். எலும்பைச் சொடுக்குவதால் பெருக்கியின் திருகு குறைவதில்லை. மேலும், மெல்லிய தொடுகையே வலிக்கும் உடலில் திடீர் அழுத்தம் கொடுத்தால் வலி பல நாட்களுக்குக் கூடிவிடவும் வாய்ப்புண்டு.

கழுத்து: தனி எச்சரிக்கை

கழுத்தைச் சட்டெனத் திருப்புவதில் அரிதெனினும் பேராபத்து ஒன்று உண்டு. கழுத்தெலும்பின் ஊடே மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகள் ஏறுகின்றன. விசையான திருப்பத்துக்குப் பிறகு அவற்றின் உட்சுவர் கிழிந்து, இரத்தம் உறைந்து, பக்கவாதம் ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளன. 2014இல் அமெரிக்க இதயச் சங்கம் இதுபற்றி ஓர் அறிக்கை வெளியிட்டு, கழுத்தைச் சொடுக்கும் முன் இந்த ஆபத்தை நோயாளிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று வலியுறுத்தியது.

இந்த எச்சரிக்கை கைரோபிராக்டிக்குக்கு மட்டும் உரியதன்று. முடி வெட்டியபின் சலூனில் கழுத்தை நெட்டி முறிப்பதும், சுளுக்கு எடுப்பதாகச் சொல்லிக் கழுத்தைத் திருகுவதும் இதே வகையில் ஆபத்தானவை. மென்மையான எண்ணெய்த் தேய்ப்பு வேறு, திடீர்த் திருப்பு வேறு. சித்த மருத்துவத்தின் தொக்கணம் போன்ற தேய்ப்பு முறைகளை நாடுவோரும் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடமே செல்ல வேண்டும். கழுத்தைத் திருக வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எலும்புத் தேய்மானம் மிகுந்தவர்கள், முடக்குவாதம் உள்ளவர்கள், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உண்பவர்கள், முதுகெலும்புக் காசநோயோ புற்றுநோயோ இருப்பவர்கள், அவை இருக்கலாம் என்று ஐயம் உள்ளவர்கள் எவ்விதச் சொடுக்குச் சிகிச்சைக்கும் உடன்படக் கூடாது. முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் இன்றும் காணப்படுவது. அது முதலில் வெறும் முதுகுவலியாகத்தான் வெளிப்படும்.

மருத்துவர்களுக்குச் சட்டப்படியான பதிவுக் குழுக்கள் உள்ளன. இந்தியாவில் கைரோபிராக்டிக்குக்கென அத்தகைய தனிப் பதிவுக் குழு இல்லை. எனவே பெயர்ப் பலகையை மட்டும் கண்டு நம்பாமல், சிகிச்சை செய்பவரிடம் இக்கேள்விகளைக் கேளுங்கள்: தாங்கள் எங்கே, எத்தனை ஆண்டுகள் பயின்றீர்கள்? என் நோய்க்கு இது பலன் தரும் என்பதற்கு ஆதாரம் என்ன? கழுத்தைத் திருப்புவீர்களா? எத்தனை முறை வர வேண்டும், பலன் இல்லையெனில் எப்போது நிறுத்துவோம்? விடை சொல்லத் தயங்குபவரிடமும், உண்ணும் மருந்தை நிறுத்தச் சொல்பவரிடமும், முழுத் தொகையை முன்னதாகவே கட்டச் சொல்பவரிடமும் செல்ல வேண்டாம்.

பலன் தருபவை எவை?

மேற்சொன்ன ஐரோப்பியப் பரிந்துரையில் எல்லோராலும் வலுவாக ஏற்கப்பட்ட சிகிச்சை ஒன்றே ஒன்று. அது உடற்பயிற்சி. வலிக்கும் உடலை அசைக்கச் சொல்வது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் முறையாகச் செய்யும் பயிற்சி நாளடைவில் வலியைத் தணிக்கிறது, உடலின் இயக்கத்தையும் மேம்படுத்துகிறது.

தொடங்கும் முறையே முக்கியம். முதல் வாரம் நாளொன்றுக்கு 5 நிமிடம் நடந்தால் போதும். உடல் ஏற்றுக்கொண்டால் வாரந்தோறும் ஓரிரு நிமிடம் கூட்டலாம். வலி கூடினால் முழுதும் நிறுத்திவிடாமல், முந்தைய வாரத்தின் அளவுக்குத் திரும்புங்கள். பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும். யோகாசனம், வெந்நீர்க் குளத்துப் பயிற்சி, தியானம், மனநல ஆலோசனை ஆகியவையும் சிலருக்கு உதவுகின்றன. மனநல ஆலோசனைக்கு அனுப்பினால், "பைத்தியம் என்கிறார்களோ" என்று எண்ண வேண்டாம். வலியோடு வாழும் முறையைக் கற்றுத் தருவதே அதன் நோக்கம்.

வேலையைப் பகுத்துச் செய்வது அடுத்த பாடம். வலி குறைந்த நாளில் தேங்கிய வேலையெல்லாம் முடித்து, அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடப்பது பலரின் வழக்கம். அதனைக் கைவிட வேண்டும். தறியில் அமர்வோர் அரை மணிக்கொரு முறை எழுந்து நின்று கழுத்தையும் தோளையும் மெதுவாக அசைக்கலாம். வீட்டு வேலையையும் காலை, மாலை எனப் பிரித்துக்கொள்ளலாம்.

உறக்கம் கெட்டால் வலி கூடும், வலி கூடினால் உறக்கம் கெடும். நாள்தோறும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுவதும், மாலைக்குப் பின் காபி, தேநீர் தவிர்ப்பதும், படுக்கைக்குக் கைப்பேசியைக் கொண்டு செல்லாமல் இருப்பதும் இந்தச் சுழலை உடைக்க உதவும்.

மருந்துகள் சிலருக்குத் தேவைப்படும். குறைந்த அளவு அமிட்ரிப்டிலின், டுலோக்ஸடீன், பிரிகாபலின் போன்றவற்றை மருத்துவர் தரக்கூடும். இவற்றுள் சில மனச்சோர்வுக்கும் தரப்படுபவை. இங்கு நரம்புகளின் வலிச் செய்தியைத் தணிக்கவே தரப்படுகின்றன. மருந்துக் கடையில் தாமாக வாங்கி உண்ணும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் இந்நோய்க்குப் பெரிதாக உதவுவதில்லை. நீண்ட நாள் உண்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஸ்டீராய்டு ஊசியும் மாத்திரையும் இந்நோய்க்குரியவை அல்ல.

குடும்பத்தாருக்கு

இந்நோயால் உயிர் போவதில்லை, உறுப்புகளும் சிதைவதில்லை. ஆனால் நம்பப்படாமல் வாழ்வது மனிதரை உள்ளிருந்து அரிக்கும். "நேற்று நன்றாகத்தானே இருந்தாய்?" என்று கேட்காதீர்கள். நாளுக்கு நாள் மாறுவதே இந்நோயின் இயல்பு. "இன்று எந்த வேலையை நான் எடுத்துக்கொள்ளட்டும்?" என்று கேளுங்கள். அதே வேளையில் எல்லா வேலையையும் பறித்து அவரைப் படுக்கையில் இருத்திவிடவும் வேண்டாம். மாலையில் அவரோடு பத்து நிமிடம் நடந்து வாருங்கள். நீங்கள் தரக்கூடிய சிறந்த சிகிச்சை அதுவாகவே இருக்கலாம்.

வாழ்வே வெறுத்துப்போகிறது என்று அவர் சொன்னால் அதைப் பொருட்படுத்தாமல் விடாதீர்கள். அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416இல் எந்நேரமும் பேசலாம். நடந்து வர இயலாதவர்கள், 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை பெற முடியுமா என்று ஊர் சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்கள்.

உடனே வர வேண்டிய அறிகுறிகள்

பைப்ரோமயால்ஜியா என்று முன்பே கண்டறியப்பட்டிருந்தாலும், பின்வருவனவற்றுள் ஒன்று தோன்றினால் காத்திருக்க வேண்டாம்: மாலை நேரக் காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், மூட்டு வீக்கம், கை கால் வலுவிழத்தல், சிறுநீர் மலம் கட்டுப்படாமை, இரவில் எழுப்பிவிடும் ஓரிட முதுகுவலி. கழுத்தைச் சொடுக்கியபின் கடும் தலைவலி, தலைச்சுற்றல், பேச்சுக் குழறல், பார்வை இரட்டையாதல் தோன்றினால் உடனே 108ஐ அழையுங்கள்.

அடுத்த வருகைக்கு முன் ஒரு பயிற்சி

ஒரு சிறு நோட்டில் இரண்டு வாரங்களுக்கு நாள்தோறும் ஐந்து செய்திகளை எழுதி வாருங்கள்: வலித்த இடங்கள், 0 முதல் 10 வரை வலியின் அளவு, உறங்கிய மணிநேரம், நடந்த நிமிடங்கள், உண்ட மருந்துகள். வெளியில் வாங்கிய மாத்திரை, எண்ணெய், செய்துகொண்ட சொடுக்குச் சிகிச்சை எதையும் மறைக்காமல் எழுதுங்கள். கடிந்துகொள்வதற்காக நாங்கள் கேட்கவில்லை, சிகிச்சையைச் சரியாக வகுக்கவே கேட்கிறோம். எழுத இயலாதவருக்கு வீட்டில் படிக்கும் பிள்ளைகள் எழுதித் தரலாம். அந்த நோட்டையும் பழைய அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு, முடிந்தால் குடும்பத்தில் ஒருவரையும் உடன் அழைத்து வாருங்கள்.